டேபிள் சா ஃபென்ஸ்: சரிசெய்வதா, மாற்றுவதா?

ஆறு இழுப்பறைகளுக்குப் பக்கச் சட்டம் அறுத்துக்கொண்டிருந்த அன்றுதான் இந்தப் பிரச்சினை எனக்கு முழுதாகப் புரிந்தது. டேபிள் சாவில், அதாவது மேசையின் நடுவே வட்ட பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் அறுப்பு மெஷினில், பலகையை அணைத்துத் தள்ள உதவும் நேர்சட்டம்தான் ஃபென்ஸ். அதை அளவுகோலில் 80 மி.மீ. கோட்டில் வைத்துப் பூட்டி எட்டுச் சட்டங்கள் அறுத்தேன். நடுவில் வேறொரு பலகைக்காக அதை நகர்த்த வேண்டியிருந்தது. திரும்ப அதே 80இல் வைத்துப் பூட்டி மீதி நான்கையும் அறுத்தேன். பன்னிரண்டையும் அடுக்கி விரலால் தடவினால், பின்னால் அறுத்த நான்கும் படி மாதிரி துருத்திக்கொண்டு நிற்கின்றன. காலிப்பரில் 80.7. கோட்டைச் சரியாகத்தான் பார்த்தேன், பலகையையும் ஒழுங்காகத்தான் தள்ளினேன். ஃபென்ஸ் ஒவ்வொரு முறை பூட்டும்போதும் வேறொரு கோணத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பல வழிகள் உண்டு. இருப்பதையே திருகித் திருத்தலாம், முகத்தில் புதுப் பலகை பொருத்தலாம், சொந்தமாக ஒன்று செய்துகொள்ளலாம், நல்ல ஃபென்ஸ் ஒன்றை வாங்கி மாட்டலாம், மெஷினையே மாற்றலாம். எது சரி என்பது உங்கள் ஃபென்ஸில் இருப்பது எந்த வகைக் கோளாறு என்பதைப் பொறுத்தது. ஒரே மாதிரி கோணலாக நிற்கும் ஃபென்ஸைத் திருத்திவிடலாம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி நிற்கும் ஃபென்ஸ் பெரும்பாலும் திருந்தாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் செலவு செய்தால் பணமும் போகும், கோணலும் இருக்கும்.

முதலில் பிளேடைப் பாருங்கள்

ஃபென்ஸ் மேல் பழி போடுவதற்கு முன்னால், மேசையில் முன்பின்னாக ஓடும் மைட்டர் பள்ளத்துக்கு (குறுக்கே அறுக்க உதவும் மைட்டர் கேஜ் இதில்தான் ஓடும்) பிளேடு இணையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டேபிள் சாவில் எல்லா அளவுக்கும் ஆதாரம் அந்தப் பள்ளம்தான். பிளேடு அதற்கு இணை, ஃபென்ஸும் அதற்கு இணை என்ற வரிசையில்தான் வேலை செய்ய வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்து நான் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். கோணலாக நின்ற பிளேடுக்கு ஏற்ப ஃபென்ஸைத் திருப்பி வைத்துவிட்டு, மைட்டர் கேஜில் வைத்துக் குறுக்கே அறுத்தால் ஏன் கருகுகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

சோதனை எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். ஒரு பல்லில் பேனாவால் குறி போட்டு, அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து பள்ளத்தின் ஓரத்திலிருந்து அதன் தூரத்தை அளக்க வேண்டும். அப்புறம் பிளேடைக் கையால் சுழற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளக்க வேண்டும். வேறு பல்லில் அளந்தால் பிளேடில் இருக்கும் நெளிவும் சேர்ந்து கணக்கைக் குழப்பிவிடும். டயல் கேஜ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பள்ளத்தில் நெருக்கமாக ஓடும் மரக்கட்டை ஒன்றில் திருகாணியைப் பதித்து, பல்லை லேசாக உரசும்படி வைத்தாலே போதும். முன்னும் பின்னும் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் பிளேடு மேல் குற்றமில்லை. மோட்டாரும் பிளேடும் அடிப்பெட்டியில் பொருத்தப்பட்ட கேபினெட் வகை மெஷினில் மேசையைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி மேசையைத் திருப்பலாம். மோட்டார் தாங்கி மேசையின் அடியிலேயே தொங்கும் மெஷினில் அந்தத் தாங்கியின் போல்ட்டுகளைத் தளர்த்தி, மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டி நகர்த்த வேண்டும்.

கோளாறு எந்த வகை

பிளேடு சரி என்று தெரிந்த பிறகு ஃபென்ஸுக்கு வரலாம். அறுத்த மரமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஃபென்ஸ் அசையாமல், ஆனால் கோணலாக நின்றால், அறுத்த சட்டம் பெரும்பாலும் சீரான அகலத்தில்தான் வரும், ஏனென்றால் பலகை ஃபென்ஸை ஒட்டியேதான் போகிறது. காட்டிக்கொடுப்பது கருகல்தான். ஃபென்ஸின் பின்முனை பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தால், ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் இருக்கும் துண்டு நெருக்கப்பட்டு, அந்தப் பக்க விளிம்பு பழுப்பாகத் தீய்ந்திருக்கும். அளவுக்கு மீறி வெளியே விலகியிருந்தால் எதிர்ப்பக்கத் துண்டில் கருகலும் கீறலும் தெரியும். சட்டம் ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுங்கியும் வந்தால் காரணம் வேறு: அறுக்கும்போதே ஃபென்ஸ் நகர்கிறது, அல்லது ஃபென்ஸில் அணைத்த விளிம்பே நேராக இல்லை, அல்லது பலகை பாதியில் ஃபென்ஸை விட்டு விலகியிருக்கிறது.

பின்முனை பிளேடை நோக்கிச் சாய்ந்திருப்பதை வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. பிளேடின் பின்பக்கப் பற்கள் மேசையிலிருந்து மேல்நோக்கி எழுகின்றன. நெருக்கப்பட்ட பலகை அந்தப் பற்களில் மாட்டினால் மேலே தூக்கப்பட்டு, நம்மை நோக்கி வீசப்படும். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் மெல்லிய தகடான ரைவிங் நைஃப் இதைப் பெரிதும் தடுக்கும், ஆனால் உள்நோக்கிச் சாய்ந்த ஃபென்ஸுக்கு அது பரிகாரம் அல்ல. இந்தக் கோளாறு தெரிந்துவிட்டால் திருத்தாமல் இன்னொரு பலகையை அறுக்காதீர்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் விட முக்கியமான சோதனை. ஃபென்ஸை மைட்டர் பள்ளத்தின் ஓரத்தோடு சேர்த்துப் பூட்டி, முன்முனையிலும் பின்முனையிலும் இருக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால் (கனம் குறித்த மெல்லிய தகடுகளின் கொத்து) அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பூட்டைத் திறந்து, ஃபென்ஸை ஒரு முழம் தள்ளிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து பூட்டி அளங்கள். பத்து முறை இப்படிச் செய்யுங்கள். ஐந்து முறை வலப்பக்கமிருந்தும் ஐந்து முறை இடப்பக்கமிருந்தும் கொண்டுவாருங்கள். முன்பின் வித்தியாசம் பத்திலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கவலையில்லை, ஸ்பேனர் வேலைதான். என்னுடையது ஒரு முறை 0.1, அடுத்த முறை 0.6, அப்புறம் எதிர்ப்பக்கமாக 0.3 என்று ஆடியது. அந்தப் பத்து எண்களையும் காகிதத்தில் பார்த்தபோதே எனக்கு விடை கிடைத்துவிட்டது.

ஏன் இப்படி ஆடுகிறது? கணக்குப் போட்டால் விளங்கும். ஃபென்ஸின் தலைப்பகுதி, மேசையின் முன்விளிம்பில் இருக்கும் ரெயிலில் இரண்டு இடங்களில் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் 12 செ.மீ.தான் இருக்கிறது, ஃபென்ஸின் நீளமோ 72 செ.மீ. என்று வையுங்கள். தலையில் 0.1 மி.மீ. ஆட்டம் இருந்தால் வால் முனையில் அது 6 மடங்காகி 0.6 மி.மீ. ஆகிவிடும். அதே ஆட்டம் 36 செ.மீ. அகலமான தலையில் இருந்தால் வாலில் 0.2 மி.மீ.தான். தலை குறுகலாக இருப்பதுதான் பழைய ஃபென்ஸ்களின் பிறவிக் குறை. அதை எந்தத் திருகாணியாலும் தீர்க்க முடியாது.

இருப்பதையே திருத்துவது

சோதனையில் எண்கள் ஒன்றுபோல வந்தவர்களுக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். பாதிக்குப் பாதி கோளாறு அழுக்கில் இருக்கும். ரெயிலின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மரத்தூளும் பிசினும் சேர்ந்து கல் மாதிரி ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் போகாத அந்தப் பொட்டு ஒன்று போதும், தலை ஒவ்வொரு முறையும் அதன் மேல் ஏறி நிற்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மெழுகு பூசித் தேய்த்துவிடுங்கள். சிலிகான் கலந்த ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். அது மேசையிலிருந்து மரத்துக்கு ஏறி, பிற்பாடு வார்னிஷ் அடிக்கும்போது அம்மைத் தழும்பு மாதிரி குழி விழ வைக்கும்.

அப்புறம் பூட்டு. முன்னும் பின்னும் இரண்டு முனையிலும் பிடிக்கும் பழைய வகையில், முன்பக்கம் முதலில் கவ்வித் தலையை நேராக்க வேண்டும், பின்கொக்கி அதற்குப் பிறகுதான் இறுக வேண்டும். பின்கொக்கி முந்திக்கொண்டால், கோணலாக இருக்கும் ஃபென்ஸ் கோணலாகவே பிடிபட்டுவிடும். உள்ளே ஓடும் இழுவைக் கம்பியின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினாலே பல மெஷின்களில் இந்த வரிசை சரியாகிவிடும். கடைசியில் தலையையும் ஃபென்ஸையும் இணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, பள்ளத்துக்கு இணையாக வைத்து இறுக்குங்கள். இறுக்கும்போதே லேசாகத் திரும்பிவிடும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். பின்முனை பிளேடை விட்டு 0.1 மி.மீ. விலகி இருக்கும்படி வைப்பது பலருடைய வழக்கம், நானும் அப்படித்தான் வைக்கிறேன். அதற்கு மேல் விலக்கினால் பலகை ஃபென்ஸை விட்டு அலையத் தொடங்கும்.

தூக்கிச் செல்லும் சிறிய மெஷின்களில் நிலைமை வேறு. டீவால்ட் போன்றவற்றில் முன்னும் பின்னும் பல்சட்டமும் பல்சக்கரமும் இருக்கின்றன. இரண்டு சக்கரங்களும் ஒரே தண்டில் சுழல்வதால் ஃபென்ஸின் இரு முனைகளும் ஒன்றாகவே நகரும். ஒருமுறை ஒழுங்காக இணையாக்கிவிட்டால் நெடுநாள் அப்படியே நிற்கும். இந்த வகை வைத்திருப்பவர்கள் ஃபென்ஸ் மாற்ற யோசிப்பதற்கு முன் கையேட்டைத் திறந்து அந்த ஒழுங்கு வேலையை ஒருமுறை செய்து பாருங்கள்.

முகத்தில் பலகை பொருத்துவது

பூட்டு நன்றாகப் பிடிக்கிறது, தலை ஆடவில்லை, ஆனால் ஃபென்ஸின் முகம் நெளிந்திருக்கிறது, அல்லது மேசைக்குச் செங்குத்தாக இல்லை: இந்த ஒரு நிலைக்குத் துணைப் பலகைதான் மிகச் சிக்கனமான மருந்து. 18 மி.மீ. எம்.டி.எஃப். அல்லது நல்ல பிளைவுட்டை எடுத்து, இரண்டு பக்கமும் சன்மைக்கா ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வில்லாக வளையும், எந்தக் கோணலைத் தீர்க்க வந்தோமோ அதுவே திரும்பி வந்துவிடும். பொருத்தும்போது மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து, இடைவெளி தெரியும் இடத்தில் பின்பக்கம் காகித டேப்பை ஒன்றிரண்டு அடுக்கு ஒட்டினால் செங்குத்தாகிவிடும். கீழ் விளிம்பில் 3 மி.மீ. அளவுக்குச் சின்னப் படி வெட்டிவிட்டால் மரத்தூள் அங்கே ஒதுங்கும், பலகை ஃபென்ஸை ஒட்டாமல் போகாது. பலகை பொருத்திய பிறகு அளவுகோலின் முள் பொய் சொல்லும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இந்தப் பலகையைப் பாதி நீளத்தில், பிளேடின் முன்பற்களைத் தாண்டியதும் முடியும்படி வைப்பதும் உண்டு. ஐரோப்பிய மெஷின்களில் ஃபென்ஸை இப்படிப் பின்னுக்கு இழுத்து வைத்துத் திட மரம் (பிளைவுட் அல்லாத மரப்பலகை) அறுப்பார்கள். உள்ளே இறுக்கம் இருக்கும் மரம் அறுபட்டதும் விரியப் பார்க்கும். எதிரே ஃபென்ஸ் முடிந்துவிட்டால் அது விரிய இடம் கிடைக்கிறது, பிளேடில் போய் நெருங்காது. பிளைவுட்டுக்கு இது தேவையில்லை.

ஆனால் ஆடும் ஃபென்ஸுக்கு முகப்பலகை எதுவும் செய்யாது. ஆடுகிற நாற்காலிக்குப் புதுத் துணி தைப்பது போலத்தான். பின்முனையில் ஒரு கிளாம்ப் போட்டு நிறுத்துவதும் அந்த நாள் வேலையை முடிக்க உதவும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் அளந்து கிளாம்ப் போட வேண்டும். பத்தாவது முறை அளக்காமல் போட்டுவிடுவோம், கருகல் அன்றைக்குத்தான் வரும்.

மாற்றுவதென்றால்

ஆடுகிற ஃபென்ஸை வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியது டி வடிவ ஃபென்ஸ். அமெரிக்கரான பில் பீஸ்மேயர் உருவாக்கியது, இன்றும் அந்த வகையே அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. அகலமான எஃகுத் தலை, முன்பக்கம் மட்டும் பூட்டு, ரெயிலாக ஒரு கனமான எஃகுக் குழாய். கைப்பிடியை அழுத்தினால் ஒரு கேம் (மையம் விலகிய உருளை) ரெயிலின் முன்முகத்தைத் தள்ளும், தலையின் பின்பக்கம் இருக்கும் இரண்டு பட்டைகள் குழாயின் மறுமுகத்தில் போய் அழுந்தும். அந்த இரண்டு பட்டைகளும் அகலமான இடைவெளியில் இருப்பதால், அழுத்தும் செயலே ஃபென்ஸை நேராக்கிவிடுகிறது. முன்பு சொன்ன கணக்கு இங்கே நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. இணையைத் திருத்த இரண்டு திருகாணிகள் போதும், பெரும்பாலும் ஒரே ஒரு ஆலன் கீ வேலை.

பின்பக்கம் பூட்டு இல்லாததால் வால் ஆடாதா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். கட்டைவிரலால் பலமாகத் தள்ளினால் கொஞ்சம் அசையும். ஆனால் அறுக்கும்போது நாம் பக்கவாட்டில் அணைக்கும் பலம் பிளேடுக்கு முன்னால்தான் விழுகிறது, வால் முனையில் அல்ல. இவ்வளவு நாளில் எந்த அறுப்பிலும் அந்த அசைவு எனக்குத் தெரிந்ததில்லை.

இதே தத்துவத்தில் அலுமினியச் சட்டத்தால் ஆன ஃபென்ஸ்களும் கிடைக்கின்றன. எடை குறைவு, சட்டத்தின் பள்ளங்களில் துணைப் பலகையும், மரத்தை ஃபென்ஸோடு அழுத்திப் பிடிக்கும் இறகுப் பலகையும் துளை போடாமலே மாட்டலாம். எஃகு, கனமான பலகை வந்து மோதினாலும் அசையாது. வார்ப்பிரும்பு மேசைக்கு எஃகையும், சிறிய மேசைக்கு அலுமினியத்தையும் சொல்வேன். மூன்றாவதாக இன்க்ரா மாதிரியான திருகுமரை வகை. மரையின் பற்களில் போய் உட்காருவதால், மெட்ரிக் மாடலில் 1 மி.மீ. படிகளில் எத்தனை முறை நகர்த்தினாலும் அதே இடத்துக்குத் திரும்ப வரும். பெட்டி இணைப்பு, இழுப்பறை என்று ஒரே அளவுகளுக்கு மீண்டும் மீண்டும் போகிறவர்களுக்கு இது அருமை. ஆனால் அந்த அமைப்பு மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், இடம் வேண்டும். பெரிய பிளைவுட்டை அறுப்பதுதான் முக்கிய வேலை என்றால் நான் டி வடிவத்தைத்தான் எடுப்பேன்.

வாங்கும் முன் இரண்டு விஷயங்களை அளந்து பாருங்கள். புது ரெயிலின் துளைகள் உங்கள் மேசையின் துளைகளோடு பொருந்தாமல் போகலாம். அப்போது மேசையின் விளிம்பில் துளையிட வேண்டும். வார்ப்பிரும்பென்றால் பயப்பட ஒன்றுமில்லை. அதற்குள் கிராஃபைட் இருப்பதால் எண்ணெய் இல்லாமலே, குறைந்த வேகத்தில், கருப்புப் பொடியாக உதிர்ந்து துளை விழும். மெல்லிய அலுமினிய மேசையில் கனமான ரெயிலைத் தொங்கவிடுவதுதான் பயப்பட வேண்டிய விஷயம். இரண்டாவது, ரெயிலின் நீளம். நீண்ட ரெயில் என்றால் அதன் அடியில் கால் வேண்டும், பக்கத்தில் நடக்க இடம் வேண்டும். அகலமான பிளைவுட்டை எப்போதாவது அறுப்பவருக்கு அந்த நீளம் வீண். அந்த வேலைக்கு நேர்கட்டையைக் கிளாம்ப் போட்டு, கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பத்தை அதன் ஓரமாக ஓட்டினால் போதும்.

சொந்தமாகச் செய்யலாமா? வெல்டிங் கைவசம் இருந்தால் தாராளமாக. சதுரக் குழாயும் எல் ஆங்கிளும் போதும். ஒரே பக்கமாக வெல்டிங்கை ஓட்டினால் சூட்டில் அந்தப் பக்கமாக இழுத்துக்கொள்ளும், அதனால் எதிரெதிர் மூலைகளில் புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். ரெயிலில் தொடும் இடங்களில் நைலான் திருகாணி வைத்துவிட்டால், மிச்சமிருக்கும் கோணலைப் பிறகு திருகியே எடுத்துவிடலாம். பிளைவுட்டில் பெட்டி மாதிரி ஒட்டிச் செய்ததும் நன்றாக வேலை செய்யும், தலையை 35 செ.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கும்.

மெஷினையே மாற்ற வேண்டிய கட்டம் ஒன்று உண்டு: பிளேடு மாட்டும் தண்டைக் கையால் அசைத்தால் ஆடுகிறது, அல்லது மேசை கண்ணுக்குத் தெரியும் அளவு வளைந்திருக்கிறது. அந்த மெஷினில் நல்ல ஃபென்ஸை மாட்டுவது வீண் செலவு.

என் மெஷினுக்கு வார்ப்பிரும்பு மேசை, தண்டில் ஆட்டமில்லை, பத்துச் சோதனையில் ஃபென்ஸ் மட்டும் தோற்றது. அதனால் எஃகு டி ஃபென்ஸ் வாங்கினேன். மூன்று துளைகள் புதிதாகப் போட வேண்டியிருந்தது. ரெயிலை ஏற்றியதும் நான் கவனித்தது ஃபென்ஸின் அடிப்பக்கம்தான். மேசையை உரசாமல், முழு நீளத்துக்கும் 1 மி.மீ. அளவில் ஒரே சீராகத் தூக்கி நிற்கும்படி ரெயிலின் உயரத்தை வைத்தேன். அப்புறம் பழைய காகிதத்தை எடுத்து, அதே பத்துச் சோதனை. இந்த முறை ஃபீலர் கேஜின் ஒரே தகடு பத்து முறையும் அதே இறுக்கத்தோடு நுழைந்தது.

கடைசியாக முள். ஒரு துண்டு பிளைவுட்டை அறுத்து, காலிப்பரில் அளந்து, அந்த எண்ணுக்கு முள்ளை நகர்த்தி இறுக்கினேன். மெல்லிய பிளேடும் தடித்த பிளேடும் மாற்றி மாற்றிப் போடுவதால், முள்ளின் பக்கத்திலேயே இரண்டுக்கும் தனித்தனியாகக் கோடு கீறி வைத்திருக்கிறேன்.